சல்லடை மூக்கு

1984 மார்ச் 14, புதன்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, சோளகக் காற்று இன்னும் தொடங்கவில்லை. வேலியில் ஓர் ஓலைகூட அசையவில்லை. அந்த நேரத்திலேயே வெயில் உச்சியைச் சுட்டது. சுன்னாகச் சந்தையிலிருந்து ஒரு மைல் தள்ளியிருந்த அவருடைய பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்தி, கரியரிலிருந்து ஒரு சிறு பொதியை அவிழ்த்தேன். என்னைக் கெடுத்த மனிதரின் கையில், அவர் என்னைக் கெடுக்க உதவிய சாமானை நானே கொண்டுபோய்க் கொடுத்த நேரம் அது.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். தன் பெயரை எங்கே கண்டாலும் நின்று பார்க்கிற மனிதர் அவர். செய்து கொடுத்த இரும்புக் கேற்றுகளில் வீட்டுக்காரரின் பெயருக்கு மேலே தன் பெயரை வெட்டி ஒட்டுவார். அவர் செத்த பிறகும் அந்த ஒன்றையாவது என்னிடமிருந்து அவர் பெறக்கூடாது.

அவர் வெல்டிங் வேலை செய்பவர். பன்னிரண்டு வருடம் கப்பல் கட்டும் துறைகளில் வெளிநாட்டில் இருந்துவிட்டு, ஆர்கன் வாயுவில் எவர்சில்வர் ஒட்டும் மெஷின் ஒன்றோடு ஊருக்கு வந்தார். எங்கள் பகுதியில் அப்படி ஒட்டத் தெரிந்தவர் அவர் ஒருவரே. உயரமானவர், கன்னம் எப்போதும் வழித்திருக்கும், சேட்டின் முன்பக்கம் கஞ்சி போட்டு நிற்கும். ஒருமுறை வேலைச் சூட்டில் சால்வையை எடுத்தபோது பின்பக்கத்தைக் கண்டேன். முதுகில் மூன்று கிழிசல்.

"சேட்டுக் கிழிஞ்சிருக்கு," என்றேன்.

"தெரியும் ஐயா. சால்வைக்கு உள்ளுக்கை ஆர் பாக்கிறது?"

அதுதான் அவர். அந்த ஒரு வசனத்தை அவருடைய வாயிலிருந்து எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். வீட்டு மதிலுக்கு வீதிப் பக்கம் மட்டும் சீமெந்து பூசி மஞ்சள் அடித்திருந்தார். உட்பக்கம் வெறும் கல், ஓணான் குடியிருந்தது. அவருடைய மோட்டார் சைக்கிளின் விளிம்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம்; பிறேக் கிடையாது, காலைத் தேய்த்துத்தான் நிறுத்துவார். மகளின் சாமத்தியச் சடங்குக்கு வாசலில் வாழையும் தோரணமுமாகப் பந்தல். பின்னால் கிடுகு போதாமல் சாக்கைக் கட்டி, அதன் கீழே சமையல்காரர் மழையில் நனைந்துகொண்டு சோறு வடித்தார்கள். கேட்டால் அதே சொல்: உள்ளுக்கை ஆர் பாக்கிறது?

முதலில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சிரித்திருக்கிறேன்.

நான் அரசாங்கக் கந்தோரில் கணக்குப் பகுதியில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கிளாக்கர் ஐயா என்பார்கள். ஓய்வுக்குப் பிறகு ஊர்ப் பாற்சங்கத்துக்குச் சம்பளமில்லாத செயலாளர். நூற்றுப்பதினான்கு வீட்டுப் பால் சங்கத்துக்கு வரும். அதைக் குளிரவைத்துப் பட்டணத்துக்கு அனுப்ப, பழைய குளிரூட்டும் மெஷின் ஒன்றைக் கொழும்பில் வாங்கினோம். தொட்டிக்கும் பம்புக்கும் இடையில் எவர்சில்வர் குழாய்கள் போகவேண்டும். இருபத்திரண்டு பொருத்துகள் ஒட்டவேண்டும். அந்த வேலை அவரிடம் போயிற்று.

பால் ஓடும் குழாயை ஒட்டுவது தண்ணீர்க் குழாயை ஒட்டுவது போல அல்ல. சூட்டில் உருகும் உலோகத்தைக் காற்று தொட்டால் கருகிவிடும். அதனால் கையில் பிடிக்கும் ரோச்சின் மூக்கு வழியாக ஆர்கன் வாயு வந்து அதை மூடிக்கொண்டே இருக்கவேண்டும். சாதாரண மூக்கில் அந்த வாயு சுழன்று தெறித்து வரும். பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். சிங்கப்பூர்க் கப்பல் துறையில் வேலை செய்த என் தங்கையின் மகன் ஒரு விலைப் புத்தகம் அனுப்பினான். அதில் வேறொரு மூக்கு இருந்தது. உள்ளே மெல்லிய கம்பிச் சல்லடை வைத்தது. காஸ் லென்ஸ் என்று பெயர். குழாயின் வாயில் துணி கட்டினால் தண்ணீர் தெறிக்காமல் எப்படி நேரே விழுமோ, அப்படி வாயு அதனூடாக நேரே விழும். நடுவிலுள்ள டங்ஸ்டன் கம்பியையும் கூடுதலாக வெளியே நீட்டலாம். வளைவுகளின் மூலைக்குள்ளும் கம்பி போகும்.

எதை எடுப்பது என்று பதினொரு நாள் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். ரோச்சின் கழுத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும், கம்பியின் தடிப்புக்கு ஏற்றதாக இருக்கவேண்டும், அகன்ற பீங்கான் கிண்ணம் வேண்டும், கழுத்துக்கு இடையில் வைக்கும் வெள்ளை வளையமும் வேறு வேண்டும். ஒன்று பிசகினாலும் காற்று உள்ளே நுழையும். அளவு எடுக்க ரோச்சைக் கழற்றித் தரும்படி அவரிடம் கேட்டேன்.

"என்ரை சாமானைக் கிளாக்கர்மாருக்குக் கழட்டிக் காட்டுறேல்லை," என்றார்.

ஆகவே அவர் எறிந்த குப்பையைக் கிளறி, வெடித்த கிண்ணம் ஒன்றையும் எரிந்த கழுத்துத் துண்டு ஒன்றையும் பொறுக்கி, பஞ்சில் சுற்றிச் சிங்கப்பூருக்குத் தபாலில் அனுப்பினேன். அந்த அளவுக்கே மருமகன் வாங்கி அனுப்பினான். மெல்லிய குழாய்க்கென்று ஒன்று தசம் ஆறு மில்லிமீற்றர்க் கம்பிக்கானது, இரண்டு தொகுதி. சங்கம் பணம் ஒதுக்க மறுத்தது. என் பென்சன் காசில் வாங்கினேன்.

அந்தப் பொதியைத்தான் அந்தப் புதன்கிழமை அவிழ்த்தேன். அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன ஐயா, தேத்தண்ணி வடியைக் கொண்டந்திருக்கிறியள்?"

"பூட்டிப் பாரும்."

"நான் கப்பல் ஒட்டினனான். உது இல்லாமல் ஒட்டின கப்பல் இண்டைக்கும் கடலிலை நிக்குது."

"நிக்கட்டும். இது பால். பூட்டும்."

பூட்டினார். கழுத்தில் அது திருகிப்போய் இருந்த இறுக்கத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார். குப்பையிலிருந்து எடுத்த அளவு ஒரு நூல் பிசகவில்லை. ஒரு துண்டுக் குழாயில் ஒட்டிக் காட்டினார். பொருத்து வெள்ளியாக வந்தது. பனையோலைப் பெட்டியின் விளிம்பைப் பொத்தித் தைத்தது போல ஒரே அளவான வரி வரியாக நின்றது. நீலமும் இல்லை, கருமையும் இல்லை. அவர் அதை வெயிலுக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த ஆசையை நான் அன்றைக்கே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று இருந்தது. சல்லடை மூக்கு வெளிப்பக்கத்தைத்தான் காக்கும். ஒட்டும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கன் நிரம்பி நிற்கவேண்டும். இல்லாவிட்டால் உட்பக்கம் காய்ச்சிக் கருக்கிய சீனிப்பாகு போலப் பொருக்குக் கட்டும். அந்தப் பொருக்கில் பால் தங்கும். விலைப் புத்தகத்தில் இதற்குத் தனிப் பக்கமே இருந்தது. அதற்காகச் சங்கம் இரண்டு சிலிண்டர் ஆர்கன் எடுப்பித்தது. ஒன்று மூக்குக்கு, ஒன்று உள்ளுக்கு. குழாய் வாய்களை அடைக்க நானே பூவரசங் கட்டையில் எட்டு அடைப்பான்கள் சீவி, நடுவில் துளையிட்டு, சணல் நூலால் ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தேன்.

வேலை நடந்த மூன்று நாளும் அவர் எவரையும் உள்ளே விடவில்லை.

"ஆக்கள் நிண்டு மூச்சு விட்டால் காஸ் கலையும். ஐயா, நீங்களும் போங்கோ. எண்ணுறதுக்கு உங்களுக்கு வேறை ஒண்டும் இல்லையே?"

மூன்றாம் நாள் பின்னேரம் கதவைத் திறந்தார். இருபத்திரண்டு பொருத்தும் வெள்ளி. பட்டணத்திலிருந்து வந்த அதிகாரி விரலால் தடவிப் பார்த்து, "இப்படி ஒரு வேலை நான் கொழும்பிலும் காணேல்லை," என்றார். இரண்டு சிலிண்டரும் முடிந்துவிட்டன என்று சொல்லி, ஒட்டியவரே எடுத்துக்கொண்டு போனார். சல்லடை மூக்கு இரண்டு தொகுதியும் அவருடைய ரோச்சோடேயே போயின. அடைப்பான்கள் என்னிடம் திரும்பி வந்தன. அவற்றை அப்படியே அலுமாரியில் வைத்தேன்.

அதே மாதம் ஒரு பணக்கார வீட்டு மாடிப்படிக்கு எவர்சில்வர்க் கைபிடி ஒட்டினார். ஆர்கன் எங்கே கிடைத்தது என்று எவரும் கேட்கவில்லை.

வைகாசியில் பால் திரையத் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு நாள், பிறகு மூன்று நாள். பட்டணத்துக் கடைக்காரர் திருப்பி அனுப்பிய பாலை வாய்க்காலில் ஊற்றினோம். குழாய்களைச் சுடுதண்ணீரிலும் சோடாத் தூளிலும் கழுவினேன். இருமடங்கு தூள் போட்டேன். பால் திரைந்துகொண்டே இருந்தது. பால் தந்த வீடுகளில் பெண்கள் எனக்குக் கேட்கும்படி கதைத்தார்கள். அறுபது வயதில் நான் சேர்த்து வைத்திருந்தது ஒரேயொரு சொத்து: கிளாக்கர் ஐயாவின் கையில் பிழை வராது என்ற பெயர். அது வாய்க்காலில் பாலோடு போய்க்கொண்டிருந்தது.

வாசிகசாலையில் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். அவர் கஞ்சிச் சேட்டோடு முன்வரிசையில் இருந்தார். நான் எழுந்து, "ஒரு பொருத்தை வெட்டிப் பார்ப்பம். உள்ளே கருகியிருக்கிறதோ என்று பார்ப்பம்," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு எழுந்தார். கழற்றிய குழாய் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மண்டபத்து வெளிச்சத்தில் அது மின்னியது.

"பாருங்கோ. கண்ணாடி. உதை வெட்டவோ? உது ஒட்டின மூக்குச் சாமானைத் தெரிஞ்சு எடுத்ததே இந்த ஐயாதான். நல்ல சாமான். நான் மறுக்கேல்லை. அவர் எடுத்த சாமானிலை ஒட்டின வேலையை அவரே பிழை எண்டு சொன்னால் நான் என்ன செய்ய?"

சிரிப்பு.

"பிழை பைப்பிலை இல்லை. சோடாத் தூளிலை. எங்கடை ஐயா கரண்டியை எண்ணி எண்ணிப் போடுவார். எண்ணிப் போட்டால் பால் திரையாமல் என்ன செய்யும்?"

வாசிகசாலை முழுவதும் சிரித்தது. என் சொந்த மச்சான் சிரித்தான். பல் இல்லாதவன், அவனும் சிரித்தான். நான் எதையும் எண்ணுகிறவன் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் அந்தப் பொய் ஒட்டுப்போட்டது போல என்னில் பொருந்திவிட்டது. கைகள் உயர்ந்தன. எண்ணினேன்: அறுபத்தெட்டுக் கை. நான் செயலாளர் இல்லை என்றாயிற்று.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். பூவரசங் கட்டை அடைப்பான்கள் கட்டாகவே இருந்தன. சணல் நூலில் இருந்தது என் முடிச்சு. இடக்கைப் பழக்கத்தால் நான் மட்டுமே போடுகிற முடிச்சு. அதை எவரும் அவிழ்க்கவே இல்லை.

அன்றிலிருந்து அவருடைய வீட்டு நன்மை தின்மைக்கு நான் போகவில்லை. வீதியில் அவர் மோட்டார் சைக்கிளில் காலைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்று, "என்ன ஐயா, கோவமே?" என்பார். நான் சைக்கிளைத் திருப்புவேன். கோவம் என்ற சொல் போதாது. கோவம் ஆறும். எனக்கு ஆறுவதில் விருப்பம் இருக்கவில்லை.

1987இல் சண்டை ஊருக்குள் வந்தபோது சங்கக் கட்டடத்தின் கூரை போயிற்று. பழைய இரும்பு வாங்குகிறவன் குழாய்களை ஏற்றிக்கொண்டு போகையில் மறித்து, ஒரு பொருத்து உள்ள ஒன்றரை அடித் துண்டை வாங்கினேன். வாள் அலகு ஒன்று வாங்கி, முற்றத்து மாமரத்தின் கீழ் இருந்து நீளவாக்கில் அறுத்தேன். எவர்சில்வர் இலகுவில் அறுபடாது. இரண்டு நாள் எடுத்தது. இரண்டாய்ப் பிளந்ததும் பார்த்தேன். வெளியே வெள்ளிவரி. உள்ளே கருகிய பொருக்கு, நகத்தால் தட்ட உதிர்ந்தது. அதன் இடுக்குகளில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது பழைய பால்.

எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. ஆனால் யாருக்குக் காட்டுவது? சங்கம் இல்லை. கை உயர்த்தியவர்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை. மற்றவர்களுக்குப் பாலைவிடப் பெரிய கவலைகள். அந்த அரைக்குழாயைத் துணியில் சுற்றி வைத்தேன். காத்திருப்பது எனக்குத் தெரியும்.

1994இல் அவர் செத்தார். முதல்நாள் பின்னேரம்வரை கஞ்சிச் சேட்டோடு சந்தியில் நின்றவர். நெஞ்சு உள்ளே நெடுநாளாகப் பழுதாம், டொக்டர் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். செத்தவரின் படம், பரம்பரை, குணம் எல்லாம் பாட்டில் வரும் சிறு புத்தகம். கீழே பாடியவரின் பெயர் இருக்கும். எங்கள் ஊரில் அதைப் பாடுகிறவன் நான். அவருடைய மகள் ஒரு கடதாசிச் சரையோடு வந்து நின்றாள்.

"ஐயா, அப்பாவுக்கு நீங்கள்தான் பாடவேணும். உள்ளும் புறமும் ஒண்டானவர் எண்டு ஒரு வரி வரவேணுமாம், அம்மா சொன்னவ."

நான் எழுந்து போய்த் துணியை அவிழ்த்து அரைக்குழாயை அவளின் கையில் வைத்தேன்.

"உன்ரை கொப்பர் ஒட்டினது. உள்ளைப் பார், பிள்ளை."

பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"உதை ஏன் ஐயா இவ்வளவு காலம் வைச்சிருந்தனீங்கள்?"

"இண்டைக்காக."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. குழாயை மேசையில் வைத்துவிட்டுச் சரையை நீட்டினாள். "இது உங்கடை சாமானாம். குடுக்கச் சொன்னவர்."

பிரித்தேன். சல்லடை மூக்கு. பித்தளைக் கழுத்து புதுத் தங்கம் போல மினுங்கியது, மினுக்கித்தான் தந்திருக்கிறார். வெளிச்சத்துக்குப் பிடித்துச் சல்லடையைப் பார்த்தேன். பொறி தெறித்துக் கருகி, கண்ணெல்லாம் அடைபட்டு, நடுவில் ஓட்டை. செத்தும் அதே வேலை.

"பாடமாட்டன்," என்றேன்.

அவள் போய்விட்டாள். வேறு யாரோ பாடினார்கள். உள்ளும் புறமும் ஒன்று என்றே பாடினார்களாம். அது அச்சில் வந்துவிட்டது என்று கேட்டபிறகு என்னால் இருக்க முடியவில்லை. அவருக்கு நானும் ஒரு கல்வெட்டு அடிப்பேன் என்று முடிவு செய்தேன்.

யுத்தத்தால் கடதாசிக்குத் தடை இருந்த காலம். பத்திரிகைகூடக் கொப்பித் தாளில்தான் வந்தது. விலை கேட்டால் தலை சுற்றும். வாங்கினேன். மின்சாரம் இல்லாமல் காலால் மிதித்து அச்சடிக்கும் அச்சகத்தில் இருநூறு பிரதி அடித்தேன். முன்பக்கத்தில் படத்துக்குரிய சட்டம் மட்டும். உள்ளே படம் இல்லை, பெயர் இல்லை. அவருக்குப் பெயர் கொடுப்பேனா? இப்படித் தொடங்கியது:

புறத்தே வெள்ளியாய்ப் பொலிந்தவன் செய்கை
அகத்தே கருகிய தறிந்தவர் இல்லை;
ஊரவர் பாலைத் திரியவைத் தகன்றான்;
யாரென வினவின் யாவரும் அறிவர்.

கடைசிப் பக்கத்தில், வழக்கப்படி, 'ஆக்கம்' என்று என் முழுப்பெயர். அதன் கீழே, முன்னாள் பாற்சங்கச் செயலாளர்.

அந்தியேட்டிக்கு மறுநாள், கோயில் தேர்த்திருவிழாச் சனத்துக்குள் நின்று இருநூறையும் என் கையாலேயே கொடுத்தேன். மாலையில் சைக்கிள் கடைக்காரர் என்னைத் தேடி வந்து இரண்டு கைகளையும் பிடித்தார். அறுபத்தெட்டுக் கைகளில் ஒன்று அவருடையது.

"ஐயா, வாசிச்சனான். நெஞ்சு உருகிப்போச்சு. பத்து வருசம் போனாலும் ஒத்துக்கொண்டியள்."

"எதை?"

"பால் திரைஞ்சது உங்களாலைதான் எண்டு. ஆர் உப்பிடித் தன்ரை பிழையைப் பாட்டாப் பாடுவினம்? எண்டாலும் ஐயா, உயிரோடை இருக்கேக்கையே தனக்குத் தானே கல்வெட்டு அடிக்கிறது கொஞ்சம் அந்தரம்தான்."

"அது நான் இல்லைக் காணும்!"

"அப்ப ஆர் ஐயா?"

பக்கத்தில் நின்றவர்களும் திரும்பினார்கள். பால், சங்கம், செயலாளர் என்று அவர்களுக்கு நினைவிருந்த ஒரே ஆள் நான். புத்தகத்தில் இருந்த ஒரே பெயரும் என்னுடையது. அவருடைய பெயர் என் நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் தேர்முட்டியடியில் அத்தனை சனத்துக்கு நடுவே அவருடைய பெயர் ஒலிக்கும். யாராவது, "ஐயோ, நல்ல கைவேலைக்காரன்," என்பார்கள்.

வாயை மூடிக்கொண்டேன்.

வீதியோரம் கச்சான் கடலை விற்ற பெண் என் பாட்டைக் கிழித்துச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சுருள் வாங்கி, கச்சானைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுத் தாளை மட்டும் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். இப்போதும் சொல்லவில்லை; இங்கேயும் எழுதவில்லை.

சல்லடை மூக்கு இரண்டு தொகுதியும் தபால் செலவும் தீர்வையும் அறுநூற்று நாற்பது. பழைய குழாய் எழுபத்தைந்து. வாள் அலகு பதினெட்டு. கடதாசி ஆயிரத்து நூறு. அச்சுக்கூலி ஐந்நூறு. கச்சான் ஐந்து. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்று முப்பத்தெட்டு ரூபாய்.